தேடிய இடத்தில் இல்லை: நிரல்மொழியும் அதன் நூலகப் பாதைகளும்

மாலை வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசையடிக்கு வரும். "சேர், இன்ஸ்டோல் பண்ணிப்போட்டன். ஆனா இல்லையெண்டு சொல்லுது." உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பைதன் பாடத்திலேயே இருக்கிறது. சாதாரண தரத்தில் பஸ்கால். ஆகவே யாழ்ப்பாணத்தின் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் பதினாறு பதினேழு வயதில் ஒரு நிரல்மொழியைத் தன் கையால் நிறுவிப் பார்க்கும் பிள்ளைகள் நிறையப்பேர். அவர்களில் பலர் முட்டிக்கொள்ளும் முதற்சுவர் நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. கண்முன்னே நிறுவிய பொருளைக் கணினி "இல்லை" என்று மறுக்கிறது.

பிறகு நடப்பதும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். நிறுவியதை அழிப்பார்கள், இரவு டேட்டா தொடங்கும் நேரம் வரை விழித்திருந்து மறுபடி இறக்குவார்கள், மறுபடி நிறுவுவார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் அதே செய்தி. வட்டில் இரண்டு பைதன், மூன்று பைதன் சேர்ந்து, முதலில் ஒரு சிக்கலாக இருந்தது இப்போது மூன்றாகியிருக்கும்.

கோளாறு அந்த "இல்லை" என்ற சொல்லை நாம் விளங்கிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. "எனக்கு அண்ணை இல்லை" என்பதும் "அண்ணை வீட்டில இல்லை" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் ஆளே கிடையாது. இரண்டாவதில் ஆள் வேறெங்கோ இருக்கிறார். கணினி சொல்வது கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவது. தேடச் சொன்ன இடங்களில் தேடியது, அந்த இடங்களில் அகப்படவில்லை. மீண்டும் நிறுவுவது முதலாவது நோய்க்குரிய மருந்து. இரண்டாவதற்கு வேண்டியது ஒரு கேள்வி: எங்கெங்கே தேடினாய்?

நிரல்மொழி உலகில் நூலகம் என்ற சொல் உவமையாகத் தொடங்கியதல்ல. கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியின் பக்கத்தில் உண்மையிலேயே ஓர் அலுமாரி இருந்தது. பலருக்கும் பயன்படும் துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. வேண்டியவர் நாடாவை எடுத்துத் தன் நிரலின் நாடாவோடு பிரதி செய்துவிட்டுத் திருப்பி வைப்பார். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் அந்த முறையைப் புத்தகமாகவும் எழுதினார்கள். அங்கே தேடுவது மனிதனின் வேலை. ஓடத் தொடங்கிய நிரல் எதையும் தேடாது. 1960களில் உருவான மல்ரிக்ஸ் முறைமைதான் ஓடும் நேரத்தில் தேடி இணைக்கும் வழக்கத்தை விரிவாகக் கொண்டுவந்தது. ஏற்கெனவே திறந்திருப்பவை, அழைத்த நிரல் இருக்கும் அடைவு, வேலை செய்யும் அடைவு, கடைசியாக முறைமையின் நூலகங்கள் என்று அதற்கு ஒரு தேடல் ஒழுங்கு இருந்தது. 1980களின் பிற்பாதியில் சன் நிறுவனம் பகிர்வு நூலகங்களைத் தன் யுனிக்ஸில் சேர்த்தது. நினைவகம் விலை கூடிய காலம் அது. ஒரே நூலகத்தை நூறு நிரல்கள் பகிர்ந்தால் எவ்வளவோ இடம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு ஈடாக ஒவ்வொரு நிரலும் ஓடத் தொடங்கும்போதெல்லாம் தேடிப் போகவேண்டியதாயிற்று. இன்று என் மேசையடிக்கு வரும் பிள்ளையின் கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தேடற் பாதை என்பது அடைவுகளின் ஒரு வரிசை. வரிசையின் முதலிடத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போய், கேட்ட பெயர் எங்கே முதலில் அகப்படுகிறதோ அங்கே தேடல் நின்றுவிடும். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க எனக்கு ஒரு வழி உண்டு. காங்கேசன்துறையில் பஸ் ஏறி "கந்தசாமி கோயிலடியில இறக்கிவிடுங்கோ" என்றால் மாவிட்டபுரத்தில் இறக்கிவிடுவார்கள். யாழ்ப்பாண நகரில் பருத்தித்துறை பஸ் ஏறி அதே சொல்லைச் சொன்னால் நல்லூர். இரண்டும் கந்தசுவாமி கோயில்தான். நடத்துநர் பிழை விடவில்லை. புறப்பட்ட இடமும் போகும் பாதையும் வேறு.

இந்த "முதலில் அகப்பட்டது" என்ற விதியால் வரும் தொல்லை, காணாமற்போகும் தொல்லையைவிடக் கொடியது. பைதனில் ஆமையை ஓடவிட்டுப் படம் கீறும் டர்ட்டில் பயிற்சி எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். செய்த பயிற்சியை டர்ட்டில் என்ற பெயரிலேயே சேமித்துவிடுவார்கள். பைதன் தன் தேடலை நிரல் கிடக்கும் அடைவில் இருந்து தொடங்குவதால், மொழியோடு வந்த டர்ட்டிலை விட்டுவிட்டுப் பிள்ளையின் சொந்தக் கோப்பை அதற்கே எடுத்துக் கொடுக்கும். வரும் செய்தி அரைகுறையாக ஏற்றப்பட்ட கூறு, சுற்றிவரும் இறக்குமதி என்று ஏதேதோ சொல்லும்; கோப்பின் பெயரை மாற்று என்று சொல்லாது. 2024 ஒக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான், உன் கோப்புக்கும் மொழியின் நிலையான கூறுக்கும் ஒரே பெயர் இருக்கிறது, பெயரை மாற்றிப் பார் என்று பைதன் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது. எத்தனை பிள்ளைகளின் எத்தனை மாலைகளை அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்!

பஸ்காலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃப்ரீ பஸ்காலில் திரையைத் துடைக்கவும் நிறம் மாற்றவும் உதவும் 'சிஆர்டி' என்ற அலகைக் காணவில்லை என்று தொகுப்பி நின்றுவிடும். இங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான்: நண்பனின் கணினியில் சி வட்டில் நிறுவிய அடைவை அப்படியே பென் டிரைவில் ஏற்றி, தன் கணினியில் டி வட்டில் போட்டிருப்பார்கள். அலகுகளைத் தேடவேண்டிய இடம் தொகுப்பியின் அமைவுக் கோப்பில் முழு முகவரியாக எழுதப்பட்டிருக்கிறது. கோப்புகள் குடிபெயர்ந்துவிட்டன, முகவரி பழைய வீட்டையே காட்டுகிறது. அமைவுக் கோப்பைத் திறந்து வட்டின் எழுத்தை மாற்றினால் வேலை முடிந்தது. முயன்று பார்த்த கோப்புகள் ஒவ்வொன்றையும் காட்டும் தெரிவு ஒன்றும் அந்தத் தொகுப்பிக்கு உண்டு. அதைப் போட்டு ஒருமுறை ஓட்டிக் காட்டினால், கணினி எங்கே போய்க் கதவைத் தட்டுகிறது என்று பிள்ளை தன் கண்ணால் காணும். அதன்பிறகு அந்தப் பிள்ளை பஸ்காலை அழித்து மீண்டும் நிறுவுவதில்லை.

பைதன்தான் விரிவாகப் பேசவேண்டியது. அங்கே "எந்த நூலகம்" என்பதற்கு முன் "எந்தப் பைதன்" என்ற கேள்வி நிற்கிறது.

உபுண்டு போட்ட ஆய்வுகூடக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 22.04 பதிப்போடு பைதன் 3.10 வரும். புதிய பதிப்பு வேண்டும் என்று ஒருவர் மூலநிரலை இறக்கித் தொகுத்து நிறுவுகிறார். அது 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் 'லோக்கல்' என்ற கிளையில் போய் உட்காரும். கட்டளைகளைத் தேடும் பாதையில் லோக்கல் முன்னுக்கு இருப்பதால், பைதன் என்று தட்டினால் இனிப் புதியதுதான் எழும்பும். ஆனால் முறைமையின் பொதி மேலாளர் வழியாக இதுவரை நிறுவிய நூலகங்கள் எல்லாம் முறைமையின் சொந்தப் பைதனுக்குரிய அடைவில் கிடக்கின்றன. அந்த அடைவுக்கு டெபியன் குடும்பம் 'டிஸ்ட்-பக்கேஜஸ்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. புதிய பைதன் தேடுவதோ தன் சொந்த 'சைட்-பக்கேஜஸ்' அடைவில். நேற்றுவரை வேலைசெய்த நிரல்கள் எல்லாம் இன்று "இல்லை" என்கின்றன. ஒரு கோப்பும் அழியவில்லை, கேட்பவர்தான் மாறிவிட்டார்.

இந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. முறைமையின் பைதனைச் சுட்டும் இணைப்பை அழித்துப் புதியதைச் சுட்டவைப்பது. அப்படிச் செய்தால் பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட முறைமைக் கருவிகள் ஒவ்வொன்றாக விழும். பொதிகளைக் கையாளும் கருவிகளும் அதில் சேர்த்தி. நூலகத்தைத் தேடப் போனவர் முறைமையையே மீட்க வேண்டிவரும். பைதனை மூலநிரலில் இருந்து நிறுவும்போது பழைய பெயர்களைத் தொடாமல் பதிப்பு எண்ணோடு மட்டும் நிறுவும் 'ஆல்ட்-இன்ஸ்டோல்' வழி இதற்காகவே இருக்கிறது. பொதுக் கணினியில் வேறு வழியைப் பயன்படுத்த நான் எந்தப் பிள்ளையையும் விடுவதில்லை.

விண்டோஸில் கதை வேறு வேடத்தில் வரும். பைதனின் நிறுவியில் 'பாத்' என்ற சூழல் மாறியில் சேர்க்கும் கட்டம் இயல்பாகவே தெரிவு செய்யப்படாமல் இருக்கும். அதைத் தவறவிட்டால் கட்டளைச் சாளரம் பைதனைக் காணாது. 2019இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் இருந்து, பைதன் நிறுவப்படாத கணினியில் அந்தப் பெயரைத் தட்டினால் மைக்ரோசொஃப்ட்டின் கடைப் பக்கம் திறக்கும். நிறுவியதைக் கணினி காணாத நேரத்திலும் அதே கடை திறப்பதால், பிள்ளைகள் அங்கிருந்து இன்னொரு பைதனை இறக்கிவிடுகிறார்கள். இனி 'பிப்' ஒரு பைதனுக்கும் நிரல் இன்னொரு பைதனுக்கும் சொந்தம். பிப் "நிறுவிவிட்டேன்" என்கிறது, பைதன் "இல்லை" என்கிறது. இரண்டும் உண்மையே பேசுகின்றன. பிப்பைத் தனியே அழைக்காமல் பைதனின் வாயாலேயே அழைப்பதுதான் இந்தப் பிணக்கைத் தீர்க்கும் வழி: பைதன், அடுத்து 'மைனஸ் எம்', அடுத்து பிப். எந்தப் பைதன் நிரலை ஓட்டப்போகிறதோ அதற்கே பொதி போய்ச் சேரும்.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. பொதியின் பெயரும் நிரலுக்குள் அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் எண்ணவும் உதவும் 'ஓப்பன்-தமிழ்' பொதியை அந்தப் பெயரில் நிறுவினாலும், நிரலில் 'தமிழ்' என்றுதான் அழைக்கவேண்டும். முழுப் பெயரையும் எழுதி அது இல்லை என்று சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுத்தாளாகவும் விவரித்த 'எழில்' தமிழ் நிரல்மொழிக்கும் இது பொருந்தும். எழில் பைதன் மேல் கட்டப்பட்டது. ஆகவே எழிலை நிறுவுகிற பிள்ளை முதலில் சந்திப்பது பைதனின் பாதைகளைத்தான்.

பைதனிடமே அதன் பாதை வரிசையைக் கேட்கலாம். 'சிஸ்' என்ற கூறை அழைத்து அதிலுள்ள 'பாத்' பட்டியலை அச்சிட்டால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் பைதனின் முழு முகவரியையும் அதே கூறு சொல்லும். வகுப்பில் பைதன் சொல்லிக்கொடுக்கும் முதல் நாளே, 'வணக்கம்' அச்சிட்ட கையோடு, இந்த இரண்டையும் அச்சிடக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. பாடத்திட்டம் அதைக் கேட்பதில்லை. நான் செய்கிறேன்.

பைதன்களும் பொதிகளும் இப்படிக் கலந்துபோகாமல் காக்கும் மெய்நிகர் சூழல்கள் பைதன் 3.3இல், 2012ஆம் ஆண்டிலேயே, மொழியோடு சேர்ந்து வந்துவிட்டன. வேலைக்கு ஒரு தனி அடைவு, அதற்குள் தனிச் சைட்-பக்கேஜஸ். டெபியன் 12 வெளிவந்த 2023இல் இருந்து முறைமையின் பைதனுக்குள் பிப் கொண்டு எதையும் போடவிடாமல் தடுப்பதும் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் அந்தத் தடையைக் கண்டு கோபப்படுகிறார்கள்; தடையை உடைக்கும் தெரிவை இணையத்தில் தேடி எடுக்கிறார்கள். தடை நியாயமானது என்பதே என் தீர்ப்பு. ஆனால் எங்கள் சூழலில் ஒரு சிக்கல். பிள்ளைகள் மெய்நிகர் சூழலின் அடைவையே பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அது ஓடாது. எந்தப் பைதனில் இருந்து பிறந்தது என்ற முழு முகவரி அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. பிப் போன்ற கட்டளைகளின் தலைவரியிலும் பழைய முகவரிதான். பஸ்கால் கதையே மறுபடி. கொண்டுபோகவேண்டியது பொதிக் கோப்புகளை. பிப்பில் நிறுவாமல் இறக்கி மட்டும் வைக்கும் கட்டளை உண்டு. அந்த அடைவைப் பென் டிரைவில் ஏற்றி, வீட்டில் புதிய சூழலை உருவாக்கி, இணையத்துக்குப் போகாதே, இந்த அடைவில் தேடு என்று சொல்லி நிறுவலாம். ஒரே வகை இயங்குதளமும் ஒரே பைதன் பதிப்பும் இருந்தால் ஒருவர் இறக்கியது முப்பது பேருக்குப் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாத நாட்களில், இந்த முறையைத் தெரிந்திருந்தவர்கள் படித்தார்கள்.

இதுவரை பேசியது மொழி தன் சொந்த நூலகங்களைத் தேடும் பாதை. அதற்குக் கீழே இயங்குதளம் தேடும் பாதை இன்னொன்று இருக்கிறது. மூலநிரலில் இருந்து பகிர்வு நூலகமாகப் பைதனைத் தொகுத்தவர் முதல் ஓட்டத்திலேயே அதைக் காண்பார்: 'லிப்பைதன்' என்ற பகிர்வு நூலகத்தைத் திறக்கமுடியவில்லை என்று செய்தி வரும். அடைவைத் திறந்து பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கும். லினக்ஸின் இணைப்பி அடைவுகளை ஒவ்வொரு முறையும் துருவுவதில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு பட்டியலைப் பார்க்கிறது. நூல் வந்து தட்டில் ஏறிவிட்டது, அட்டவணை அட்டை இன்னும் எழுதவில்லை என்ற நிலை இது. 'எல்டி-கான்ஃபிக்' என்ற கட்டளை அந்த அட்டையை எழுதும் வேலையைச் செய்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் லோக்கல் கிளை ஏற்கெனவே அதன் கணக்கில் இருப்பதால் ஒருமுறை ஓட்டினாலே போதும். ரெட்ஹட் குடும்பத்தில் அந்தக் கிளை இயல்பாகக் கணக்கில் இல்லை. முதலில் அதை அமைவுக் கோப்பில் சேர்க்கவேண்டும்.

இதற்குப் பதில் பலர் சொல்லிக்கொடுப்பது 'எல்டி லைப்ரரி பாத்' என்ற சூழல் மாறி. ஒருமுறை சோதித்துப் பார்க்க அது நல்ல கருவி. தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்தால், அந்தப் பயனர் ஓட்டும் எல்லா நிரல்களின் தேடல் வரிசையும் மாறிவிடும். ஒரு மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய சி++ நூலகம் முன்னுக்கு வந்து நிற்க, தொடர்பே இல்லாத இன்னொரு நிரல் தனக்கு வேண்டிய பதிப்பு இல்லை என்று விழும். விழுந்த நிரலுக்கும் எழுதிய வரிக்கும் இடையில் ஆறு மாதம் போயிருக்கலாம். யார் நினைவு வைத்திருப்பார்கள்? தேடவேண்டிய இடத்தை நிரலுக்குள்ளேயே பொறித்துவைக்கும் 'ஆர்-பாத்' முறை இதைவிடச் சுத்தமானது. தொகுக்கும்போது ஒரு வரி கூடுதலாக எழுதவேண்டியிருப்பதால் அவசரத்தில் கைவிடுகிறோம். தொகுக்கும்போது இணைப்பி நூலகத்தைத் தேடும் பாதையும் ஓடும்போது தேடும் பாதையும் வேறுவேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தொகுக்கும்போது தலைப்புக் கோப்பு இல்லை என்று வந்தால் பெரும்பாலும் 'டெவ்' என்று முடியும் மேம்பாட்டுப் பொதியை நிறுவவேண்டும். பாதையைத் திருத்துவதில் பயனில்லை.

விண்டோஸின் 'டிஎல்எல்' கோப்புகளில் செய்தியே திசை மாற்றிவிடும். ஒரு கூறை ஏற்றும்போது "குறித்த கூறு காணப்படவில்லை" என்று அதன் பெயரோடு வரும். பெயர் சொன்ன கோப்பு இருக்கும். அது நம்பியிருக்கும் இன்னொரு கோப்புத்தான் இராது. பல நேரம் அது விஷுவல் சி++ ஓட்டநேரப் பொதி. 2019 ஒக்டோபரில் வந்த பைதன் 3.8இல் இருந்து, விரிவுக் கூறுகளுக்கு வேண்டிய இத்தகைய கோப்புகளைப் பாத் மாறியில் தேடுவதே நிறுத்தப்பட்டது. வேண்டிய அடைவை நிரலே அறிவிக்கவேண்டும். பாத் மாறியில் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகும் பழைய அறிவுரை அந்த நாளோடு காலாவதி. 32 பிட், 64 பிட் குழப்பமும் ஓய்ந்தபாடில்லை. 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' அடைவுக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் வேறோர் அடைவில். பெயரை நம்பிக் கோப்பைக் கொண்டுபோய்ப் போடுகிறவர் பிழையான வீட்டில் போடுகிறார்.

பாதைக்குள்ளேயே தமிழ் வந்தால் என்ன நடக்கும் என்பது ஆங்கில வழிகாட்டிகளில் அனேகமாக இருப்பதில்லை. இது எங்கள் பிள்ளைகளுக்கு நேர்வது. கணினியில் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்தால் அவருடைய அடைவும் தமிழ்ப் பெயர் பெறும். பின்னர் பயனர் பெயரை மாற்றினாலும் அடைவின் பெயர் மாறாது. ரஷ்ய மொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் விண்டோஸில் ஒருங்குறிக்கு முற்பட்ட குறியீட்டுப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு முறைமையின் இயல்புப் பக்கமாக அப்படி ஒன்று இருந்ததே இல்லை. விண்டோஸில் தமிழ் ஒருங்குறியோடுதான் பிறந்தது. ஆகவே ஒருங்குறி அறியாத பழைய கருவி ஒன்று தமிழ் அடைவின் பெயரைக் கேட்டால் அதற்குக் கிடைப்பது வரிசையாகக் கேள்விக்குறிகள். கேள்விக்குறியோ விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் அனுமதிக்கப்படாத குறி. அந்தப் பாதை எங்குமே போய்ச் சேராது. 2016 இறுதியில் வந்த பைதன் 3.6 விண்டோஸிலும் பாதைகளை யூடிஎஃப்-8 ஆகக் கையாளத் தொடங்கியபின் பைதனுக்குள் நிலைமை நன்றாயிற்று. அதைச் சுற்றியுள்ள பழைய தொகுப்பிகளும் சிறு கருவிகளும் அப்படி மாறிவிடவில்லை. தமிழ்ப் பெயரை விட்டுவிடு என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நிரல்மொழியை மட்டும் வட்டின் வேரில் ஒரு குறுகிய ஆங்கில எழுத்துப் பெயருள்ள அடைவில் நிறுவு, உன் பெயர் உன் பெயராகவே இருக்கட்டும் என்கிறேன்.

லினக்ஸில் வேறொன்று நடக்கிறது. 'பொதி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாகவோ, ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவோ. திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸின் கோப்பு முறைமை பைட்டுகளை அப்படியே ஒப்பிடும்; அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். பைதன் 3இல் கூறுகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். நிரலுக்குள் எழுதும் பெயரைப் பைதன் ஒரே குறியீடாகச் சேர்த்து நெறிப்படுத்திவிட்டுத்தான் கோப்பைத் தேடப் போகும். வட்டில் கோப்பின் பெயர் இரண்டு குறியீடுகளாகப் பிரிந்து கிடந்தால், கண்ணுக்கு எதிரே 'பொதி' இருக்க, 'பொதி' இல்லை என்று செய்தி வரும். தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று தட்டில் அடிப்பவர்கள். அந்த ஒழுங்கைப் பின்பற்றிய பாமினி எழுத்துருவில் இருந்து மாற்றிய பெயர்களில் இப்படிப் பிரிந்த குறிகள் வந்துவிடலாம். கண்டுபிடிப்பது எளிது. கோப்புப் பெயரைப் பைதனிடம் கொடுத்து நீளத்தைக் கேளுங்கள். 'பொதி' சேர்ந்திருந்தால் 4, பிரிந்திருந்தால் 5. ஓகாரமும் ஔகாரமும் இப்படித்தான். கூறின் பெயரில் இந்த மூன்று குறிகளையும் தவிர்த்தால் தொல்லை வராது என்று ஒருவர் சொல்லலாம். நான் அதை ஏற்கவில்லை. பெயரை நெறிப்படுத்தி மாற்றிவைக்கும் ஐந்து வரி நிரலைப் பிள்ளையைக்கொண்டே எழுதுவிக்கலாம். நல்ல பயிற்சியாகவும் இருக்கும்.

2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வருடிச் சேர்த்துவரும் நூலகத் திட்டத்தின் பக்கங்களைக் கண்டுவிட்டு, பழைய பக்கங்களின் படத்தை எழுத்தாக மாற்றிப் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் டெஸராக்ட் எழுத்துணரியிடம் வருகிறார்கள். அங்கே மூன்று தேடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பைதனில் நிறுவும் 'பை-டெஸராக்ட்' வெறும் இடைத்தரகர். உண்மையான எழுத்துணரியைத் தனியே நிறுவவேண்டும், அதைப் பாத் மாறி வழியாக இந்த இடைத்தரகர் தேடுவார். எழுத்துணரி கிடைத்தாலும் தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் சூழல் மாறியின் பொருள் இடையில் மாறியது: மூன்றாம் பதிப்பில் தரவு அடைவுக்கு மேலேயுள்ள அடைவைக் கொடுக்கவேண்டும், நான்காம் பதிப்பில் இருந்து தரவு அடைவையே கொடுக்கவேண்டும். பழைய குறிப்பைப் பார்த்துச் செய்தவர் ஒரு படி தள்ளி நிற்பார். மூன்றில் எது தவறினாலும் பிள்ளையின் வாயில் வருவது ஒரே சொல்தான்.

நிரல் ஓடும் அடைவை நம்பலாமா என்ற பழைய வாதத்தில் உலகம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி 2004இல் நடப்பு அடைவை டிஎல்எல் தேடலில் பின்னுக்குத் தள்ளியது. ரூபி 2010இலும் பேர்ள் 2017இலும் அதைத் தேடற் பாதையில் இருந்தே எடுத்துவிட்டன. அறியாத அடைவில் நின்று ஒரு கட்டளையை ஓட்டினால், அங்கே யாரோ போட்டுவைத்த கோப்பு நூலகத்தின் பெயரில் நுழைந்துவிடும் என்பதே காரணம். பைதன் மட்டும் நிரலின் அடைவை முதலிடத்திலேயே வைத்திருக்கிறது. 2022இல் வந்த 3.11இல் அதைத் தவிர்க்க ஒரு தெரிவைக் கொடுத்தது, இயல்பை மாற்றவில்லை. தொடக்கப் பிள்ளை இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து ஒன்றில் இருந்து மற்றதை அழைக்க முடிவது அதனால்தான். பயில்வோருக்குப் பைதனின் வழியே நல்லது என்று நினைக்கிறேன். டர்ட்டில் தொல்லை அதற்கு நாம் கொடுக்கும் வாடகை.

இத்தனை மொழிகளிலும், காணாதபோது எப்படிப் பேசவேண்டும் என்று அறிந்திருப்பது பேர்ள். கேட்ட கூறு கிடைக்காவிட்டால், தேடிய அடைவுகள் முழுவதையும் அந்தப் பிழைச் செய்தியிலேயே வரிசையாக எழுதிவிடும். பைதன் கூறின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பாதையை நாம் தனியே கேட்கவேண்டும். என் மேசையடிக்கு வரும் லப்டொப்புகளில் இப்போது பத்து வரியில் ஒரு சிறு நிரலைப் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு கூறின் பெயரைக் கொடுத்தால் முதலில் ஓடும் பைதனின் முகவரியைச் சொல்லும். பிறகு "இந்த இடங்களில் தேடினேன்" என்று ஒவ்வோர் அடைவையும் தமிழில் வரிசைப்படுத்தும். கடைசியில் "இவற்றில் கிடைக்கவில்லை" என்று எழுதும். "இல்லை" என்ற சொல் அதில் எங்கும் வராது.